குற்றஞ்சாட்டப்பட்ட வீரரும் அனுசரணையாளரின் கடமையும்

இலங்கைத் தமிழில் ‘கல்லூரி’ என்ற சொல் பெரும்பாலும் பாடசாலையையே குறிக்கிறது. திருகோணமலையில் இராமகிருஷ்ண மிஷன் ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரிக்கோ புனித சூசையப்பர் கல்லூரிக்கோ விளையாட இறங்குபவர்கள் பெரும்பாலும் பதினெட்டு வயதை எட்டாத பிள்ளைகள். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்றால் வாக்குரிமை பெற்ற இளைஞர்களின் விளையாட்டு. அங்கே அனுசரணை பற்றி எழுதப்பட்ட விதிகளையும் வாதங்களையும் அப்படியே எடுத்து இங்கே பொருத்த முடியாததற்கு இந்த வயது வேறுபாடே முதற்காரணம். இங்கு அனுசரணை வழங்கும் கடையோ கம்பனியோ பழைய மாணவர் சங்கமோ, பெரும்பாலும் சட்டப்படி தானே ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட முடியாத ஒருவருடன் உறவு வைத்துக்கொள்கிறது.

அந்த உறவு எளிமையாகத்தான் தொடங்குகிறது. கப்பல்துறை போன்ற, துறைமுகத்தை அண்டிய ஊர்களிலிருந்து ஒரு பிள்ளை வலய மட்டத்தில் வென்று மாகாண மட்டத்துக்குத் தெரிவானால் பஸ் செலவு வேண்டும், ஆணிச் சப்பாத்து வேண்டும், முட்டையும் பாலும் வேண்டும். வீட்டு வருமானம் அதற்குப் போதாதபோது நகரத்து வர்த்தகர் ஒருவர் உதவுகிறார், அல்லது இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பழைய மாணவர்கள் பணம் அனுப்புகிறார்கள். பதிலுக்கு ரீசேர்ட்டின் முதுகில் கடையின் பெயர் வருகிறது. மக்கெய்சர் மைதானத்தில் கட்டப்படும் பதாகையில் பிள்ளையின் படமும் கடையின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகின்றன. தேசிய மட்டத்தில் இதே உறவு பெரிய தொகைகளில் நடக்கிறது. பாடசாலை றக்பி லீக் தொடருக்கு முன்னர் சிங்கர் நிறுவனமும் பின்னர் டயலொக் நிறுவனமும் பெயர் கொடுத்தன. சேர் ஜோன் டாபட் மெய்வல்லுநர் போட்டிக்கு ரிட்ஸ்பெரி பெயர் கொடுத்தது. தொகை எதுவானாலும் கைமாறுவது ஒன்றுதான்: பிள்ளையின் நற்பெயரில் ஒரு பங்கை அனுசரணையாளர் தன் வணிகத்துக்கு எடுத்துக்கொள்கிறார்.

அந்த நற்பெயர்மீது ஏமாற்று என்ற குற்றச்சாட்டு விழும்போதுதான் அறக்கேள்வி எழுகிறது. ஊக்கமருந்து, வயதுப் பொய், ஆட்ட நிர்ணயம், சட்டவிரோதப் பந்துவீச்சு என்று குற்றச்சாட்டுகள் பலவகை. எல்லாவற்றிலும் குற்றச்சாட்டு எழும் நாளுக்கும் தீர்ப்பு வரும் நாளுக்கும் இடையே ஒரு காலம் இருக்கிறது. அனுசரணையாளர் எப்படிப்பட்டவர் என்பது அந்தக் காலத்தில் தெரிந்துவிடும்.

முத்தையா முரளிதரனின் கதை தமிழருக்கு நன்கு தெரிந்தது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் கிரிக்கெட் கற்றவர் அவர். 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேணில் நடுவர் டரல் ஹெயார் அவருடைய பந்துகளை எறிபந்து எனக் கருதி ஏழு தடவை ‘நோ போல்’ அறிவித்தார். முரளியின் முழங்கை பிறவியிலேயே முற்றாக நிமிராதது. அடுத்த ஆண்டு மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அவருடைய கை அசைவு கருவிகளால் அளக்கப்பட்டது. கண்ணுக்கு எறிவதுபோல் தெரிவது ஒரு தோற்றமயக்கம் என்று முடிவு வந்தது. அதற்குப் பிறகும் 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் இன்னொரு நடுவர் அதையே செய்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடுவரை அழைத்துச்சென்று எதிர்த்து நின்றார். 2004இல் ‘தூஸ்ரா’ பந்தின்மீது மறுபடி முறைப்பாடு வந்தது. 2005இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை முழங்கை விரிவை அனுமதித்தது. நேராக வீசுவதாக நம்பப்பட்ட பலருடைய கைகளும் அளவையில் வளைந்து விரிந்ததை ஆய்வுகள் காட்டியதுதான் அதற்குக் காரணம். பத்தாண்டுக் காலம் ஏமாற்றுக்காரன் என்ற வசையோடு ஆடியவரை அவருடைய அணியும் கிரிக்கெட் சபையும் கைவிடவில்லை. கைவிட்டிருந்தால் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் என்ற சாதனையே பிறந்திராது.

இன்னும் அண்மையது குசல் ஜனித் பெரேராவின் வழக்கு. 2015இல் எடுக்கப்பட்ட அவருடைய சிறுநீர் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாகக் கட்டார் ஆய்வுகூடம் அறிவித்தது. அந்த டிசம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து அவர் நாட்டுக்குத் திருப்பி அழைக்கப்பட்டு இடைக்காலத் தடைக்கு உள்ளானார். நான்கு ஆண்டுத் தடை வரக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. ஆசியக் கிண்ணமும் இருபது ஓவர் உலகக் கிண்ணமும் அவர் இல்லாமலே நடந்து முடிந்தன. இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் அவருக்காகச் சட்டத்தரணிகளையும் நிபுணர்களையும் அமர்த்தி வழக்கைச் செலவேற்று நடத்தியது. முடிவில் ஆய்வுகூடத்தின் கண்டறிதலே நிலைக்கவில்லை. 2016 மே 11ஆம் திகதி பேரவை குற்றச்சாட்டை மீளப்பெற்றது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது பணம் போன வழி. ஆய்வுகூட அறிக்கையை எதிர்க்க வெளிநாட்டு நிபுணர் வேண்டும், இரண்டாவது மாதிரியைச் சோதிக்கப் பணம் வேண்டும், விளையாட்டுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி வேண்டும். தேசிய அணி வீரருக்கு ஒரு கிரிக்கெட் சபை இருந்தது. மாகாண மட்டத்தில் ஓடும் பாடசாலைப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அந்தப் பிள்ளைக்கு அனுசரணை வழங்கியவரைத் தவிரப் பணம் உள்ள ஒருவரையும் அந்தக் குடும்பம் அறிந்திராது. குற்றச்சாட்டு வந்த அன்றே அவரும் விலகினால், பிள்ளை குற்றமற்றதாக இருந்தாலும் அதை நிறுவ வழியே இல்லாமல் போகிறது.

இதிலிருந்து, குற்றச்சாட்டு எழுந்தாலும் அனுசரணையாளர் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும் என்ற முடிவுக்கு வரலாகாது. அப்படி நின்றதால் விளைந்த கேடு லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் வழக்கில் பதிவாகியிருக்கிறது. புற்றுநோயிலிருந்து மீண்டு 1999 முதல் 2005 வரை ஏழு தடவை டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டத்தை வென்றதாகக் கொண்டாடப்பட்டவர் அவர். அவர்மீது சந்தேகங்கள் பேசப்பட்டுக்கொண்டிருந்த 2001இல் நைக்கி நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. எந்தப் பொருளை உட்கொள்கிறார் என்று கேட்போருக்கு, தினமும் ஆறு மணிநேரம் சைக்கிள் மிதிப்பதே தன் மருந்து என்ற பொருளில் அவரே பதில் சொல்லும்படி அது அமைந்திருந்தது. அந்த விளம்பரத்தோடு நைக்கியின் உதவி வீரரின் பயிற்சிக்கான ஆதரவு என்ற நிலையைக் கடந்து, குற்றச்சாட்டை மறுக்கும் பிரசாரமாகிவிட்டது. உண்மையைச் சொன்ன பழைய சகாக்களும் பத்திரிகையாளரும் பொய்யராக்கப்பட்டு வழக்குகளுக்கு உள்ளானார்கள். 2012 ஒக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் முழு அறிக்கை வெளிவந்து ஒரு வாரம் ஆன பிறகே நைக்கி அவரைக் கைவிட்டது. அவருடைய அணிக்கு அனுசரணை வழங்கிய அமெரிக்கத் தபால் சேவையின் பொருட்டு அரசு நடத்திய வழக்கை 2018இல் 50 இலட்சம் டொலர் செலுத்தி அவர் முடித்துக்கொண்டார்.

ஏமாற்றுக்காரரைத் தாங்கிப் பிடிக்கும் பணம் யாரிடமிருந்து பறிக்கப்படுகிறது என்பதை இலங்கை நன்கு அறியும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் நைக்கியின் நட்சத்திரம். ஊக்கமருந்து பாவித்ததை ஜோன்ஸ் 2007இல்தான் ஒப்புக்கொண்டார். சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது 2009இல். வறிய கிராமத்துக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு, உலகின் இரண்டாவது ஓட்டக்காரி என்ற பெயர் கிடைக்க வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை. அந்தப் பெயரோடு வந்திருக்கக்கூடிய அனுசரணையும் வரவில்லை.

அதே சுசந்திகா 1998இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுக்கு உள்ளாகி இடைநிறுத்தப்பட்டவர். பின்னர் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆக, இரு கொடுமைகளையும் ஒரே பெண் அனுபவித்திருக்கிறார். குற்றஞ்சாட்டப்பட்டவரை உடனே கைவிடு என்ற விதி 1998இன் சுசந்திகாவை அழித்திருக்கும். எது வந்தாலும் கைவிடாதே என்ற விதி 2000இன் சுசந்திகாவை ஏமாற்றியது. அனுசரணை அறம் பற்றிய எந்தக் கொள்கையும் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

வணிக உலகம் இதற்குக் கண்ட கருவி ஒப்பந்தத்தில் சேர்க்கப்படும் நன்னடத்தை விதி. அதன் பிறப்பே ஒரு பாடம். 1921இல் ஹொலிவூட் நகைச்சுவை நடிகர் ரொஸ்கோ ஆர்பக்கிள்மீது ஒரு நடிகையின் மரணம் தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டதும், யூனிவர்சல் நிறுவனம் தன் நடிகர்களின் ஒப்பந்தங்களில் இந்த விதியைச் சேர்த்தது. 1922 ஏப்ரலில் மூன்றாவது விசாரணையின் முடிவில் ஆர்பக்கிள் குற்றமற்றவர் எனத் தீர்ப்பானது. ஆயினும் அவருடைய திரைவாழ்வு எழவில்லை. தீர்ப்புக்கு முன்பே தண்டிக்கும் இயல்பு இந்த விதிக்குள் முதலிலிருந்தே இருக்கிறது. நிறுவனத்தின் பெயருக்கு ‘இழுக்கு’ என்ற தளர்வான சொல்லைப் போட்டு எழுதப்படும் விதியில் குற்றச்சாட்டே போதுமான காரணமாகிவிடுகிறது.

2016 மார்ச்சில் டெனிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதைத் தாமே அறிவித்தபோது அனுசரணையாளர்கள் நடந்துகொண்ட விதங்கள் ஒப்பிடத்தக்கவை. நைக்கி உறவை இடைநிறுத்தியது. போர்ஷே திட்டமிட்ட நிகழ்ச்சிகளை ஒத்திவைத்தது. டாக் ஹொயர் கைக்கடிகார நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஹெட் நிறுவனமோ உறவை நீடிப்பதாக அறிவித்ததோடு, அவர் உட்கொண்ட மருந்தைத் தடைப்பட்டியலில் சேர்த்ததே தவறு என்று வாதிடவும் தொடங்கியது. முதலில் விதிக்கப்பட்ட இரண்டு ஆண்டுத் தடை மேன்முறையீட்டில் 15 மாதமாகக் குறைந்தது. ஹெட் செய்தது எல்லை மீறல். எது தடைக்குரியது என்று தீர்மானிக்கும் இடம் ரக்கெட் விற்கும் கம்பனியின் அலுவலகம் அல்ல. இடைநிறுத்தமே நியாயத்துக்கு அருகில் இருந்தது. ஆனால் பல கோடி டொலர் சொத்துள்ள ஒருவருக்கு இடைநிறுத்தம் என்பது விளம்பரம் நின்றுபோவது மட்டுமே. உணவுக்கும் பஸ் செலவுக்கும் அனுசரணையை நம்பியிருக்கும் மாணவருக்கு அதே சொல் பட்டினி என்று பொருள்படும்.

சிறுவர் விடயத்தில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிக்கோவை அனுசரணையாளரைவிட முதிர்ச்சியோடு நடந்துகொள்கிறது. உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டால், அது எப்படி வந்தது என்பது ஒருபுறமிருக்க, பொறுப்பு வீரருடையதே என்பது அதன் அடிப்படை விதி. கடுமையான விதி இது. ஆயினும் 2021 முதல் நடைமுறையிலுள்ள பதிப்பு ‘பாதுகாக்கப்பட்ட நபர்’ என்றொரு வகையை ஏற்படுத்தியது. பதினாறு வயதுக்கு உட்பட்டோரும், சில நிபந்தனைகளோடு பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரும் இதில் அடங்குவர். இவர்கள் சிக்கினால் இவர்களைச் சுற்றியிருக்கும் பயிற்றுநர், மருத்துவர் முதலியோர்மீதும் தானாகவே விசாரணை தொடங்க வேண்டும். பராயமடையாதோரின் வழக்கு முடிவைப் பெயரோடு பகிரங்கப்படுத்துவதும் கட்டாயமல்ல.

இந்தக் கடைசி ஏற்பாடு அனுசரணையாளர் எவரும் எண்ணிப் பார்க்காத ஒரு கடமையை உண்டாக்குகிறது. விதிக்கோவை மறைத்து வைக்கும் பெயரை, ‘இன்ன மாணவருக்கான எமது ஆதரவை நிறுத்துகிறோம்’ என்ற ஒரே அறிவித்தல் ஊரறியச் செய்துவிடும். அறிவித்தல்கூட வேண்டியதில்லை. நேற்றுவரை பதாகையில் இருந்த ஒரு முகம் இன்று மட்டும் கிழிக்கப்பட்டால் திருகோணமலை போன்ற சிறிய நகரில் மாலைக்குள் எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிடும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பதினைந்து வயதான ரஷ்யப் பனிச்சறுக்கு நடன வீராங்கனை கமிலா வலியேவாவின் பெயரும் மறைந்திருக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட நபர் என்ற நிலை தாளில் இருக்க, உலகமே பார்த்துக்கொண்டிருக்கையில் அச்சிறுமி தடுமாறித் தடுமாறி விழுந்தாள். நான்கு ஆண்டுத் தடை 2024 ஜனவரியில் வந்தது. தவறு நடந்தது மெய்யே. அதற்குத் துணைபோன பெரியவர்கள் யார் என்பதற்கு அந்த அளவு வெளிச்சம் விழவில்லை.

இலங்கையிலும் அந்தக் கேள்வி தேவைப்படுகிறது. 2011இல் தேசிய றக்பி அணியின் மூன்று வீரர்கள் மெதில்ஹெக்சனமின் என்ற ஊக்கியின் காரணமாக இரண்டு ஆண்டுத் தடைக்கு உள்ளானார்கள். உடற்பயிற்சி செய்வோரிடையே அக்காலத்தில் பரவியிருந்த சத்துத்தூள்களில் கலக்கப்பட்ட பொருள் அது. தேசிய வீரருக்கே டப்பாவின் உள்ளே இருப்பது தெரியவில்லை என்றால், பதினேழு வயது மாணவர் எம்மாத்திரம்? தசை வளர்க்கும் தூளைப் பிள்ளை தானாகத் தேடிப்போவதும் உண்டு. ஆனால் வென்றே ஆகவேண்டும் என்ற நெருக்கடியை உண்டாக்குவோர் வயதில் மூத்தவர்கள்: கிண்ணத்தை எதிர்பார்க்கும் பழைய மாணவர்கள், பதவியை எண்ணும் பயிற்றுநர், படம் பிடிக்கக் காத்திருக்கும் அனுசரணையாளர். 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் சட்ட வலுப்பெற்றது. ஆட்ட நிர்ணயத்துக்குப் பத்து ஆண்டுவரை சிறை என்று 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. புகையிலை, மதுசார வணிகப் பெயர்கள் விளையாட்டுக்கு அனுசரணை வழங்குவதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. யார் அனுசரணை வழங்கலாகாது என்பதைச் சட்டம் சொல்கிறது. ஏற்றுக்கொண்ட பிள்ளையிடம் அனுசரணையாளர் எப்படி நடக்க வேண்டும் என்பதை இவற்றில் எதுவும் சொல்லவில்லை.

அனுசரணையாளரே ஏமாற்றின் ஊற்றாக இருக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் சான்று. 2017 செப்டெம்பரில் மத்திய புலனாய்வுப் பிரிவினர் வெளிப்படுத்திய வழக்கில், அடிடாஸ் நிறுவனத்தின் அதிகாரி ஜேம்ஸ் கட்டோ, திறமையான மாணவர்கள் தம் நிறுவனம் அனுசரணை வழங்கும் லூயிவில், கான்சாஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் சேரும்படி அவர்களின் குடும்பங்களுக்கு இரகசியமாகப் பணம் கொடுத்த திட்டத்தில் குற்றவாளி எனக் காணப்பட்டார். அவருக்கு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. விதி மீறியவர் என்ற பழி மாணவர்களையும் சுற்றியது. கையில் பணத்தோடு வீட்டுக்கு வந்தது நிறுவனம். 2021 ஜூலை முதல் அமெரிக்க மாணவ வீரர்கள் தம் பெயராலும் உருவத்தாலும் வெளிப்படையாகவே சம்பாதிக்கலாம். இதனால் மறைவுப் பணம் குறைந்திருக்கலாம். குற்றச்சாட்டின் அபாயம் குறையவில்லை. அயோவா மாநிலத்தில் 2023இல் பந்தயப் பணம் கட்டியதாக மாணவ வீரர்கள் பலர்மீது வழக்குப் போடப்பட்டது. புலனாய்வாளர்கள் உரிய அனுமதியின்றி அவர்களின் கைபேசி இருப்பிடத்தைத் தேடினார்கள் என்ற கேள்வி எழுந்த பின், 2024 மார்ச்சில் நால்வர்மீதான வழக்குகளை அரசுத் தரப்பே கைவிட்டது. அவர்கள் இழந்த ஆட்டப் பருவத்தைத் திருப்பிக் கொடுக்க எவராலும் முடியாது.

தண்டனை முடிந்த பிறகு என்ன என்பதும் இந்த விடயத்தின் பகுதியே. இந்தியாவில் ஜம்மு காஷ்மீரைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் ரசிக் சலாம், தவறான பிறப்புச் சான்றிதழ் கொடுத்ததற்காக 2019 ஜூனில் இரண்டு ஆண்டுத் தடைக்கு உள்ளானார். தடைக்காலத்தை முடித்துத் திரும்பி ஆடினார். 2024 நவம்பர் ஏலத்தில் பெங்களூர் அணி அவரை 6 கோடி ரூபாவுக்கு எடுத்தது. பதின்வயதில் சுமத்தப்படும் தண்டனைக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். தண்டித்த அமைப்பு முடித்துவைத்ததை அனுசரணையாளர் ஆயுள் தண்டனையாக நீட்டுவது நியாயமாகாது.

ஒருவரின் தவறுக்காக மற்றெல்லாப் பிள்ளைகளிடமிருந்தும் கையை இழுத்துக்கொள்வது இன்னொரு வகை அநீதி. சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனத்தின் தலைமை ஊக்கமருந்து, இலஞ்சப் புகார்களில் சிக்கியபோது, 2016 பெப்ரவரியில் நெஸ்லே நிறுவனம் அந்தச் சம்மேளனத்தின் சிறுவர் மெய்வல்லுநர் திட்டத்துக்கான அனுசரணையை உடனடியாக நிறுத்தியது. குற்றம் நிர்வாகிகளுடையது. மைதானத்தை இழந்தவர்கள் சிறுவர்கள். நிறுவனத்தின் பெயர் காக்கப்பட்டிருக்கலாம், ஆனால் அது அறத்தின்பாற்பட்ட முடிவென்று சொல்ல முடியாது. அந்தப் பணத்தைச் சம்மேளனத்தின் கையில் கொடுக்காமல் நாடுகளின் பாடசாலைகளுக்கு நேராக வழங்கும் வழி திறந்தே இருந்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. அனுசரணையில் இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றன: ஒன்று பராமரிப்பு, மற்றது விளம்பரம். உணவு, கல்விச் செலவு, மருத்துவம், சட்ட உதவி ஆகியவை பராமரிப்பு. ரீசேர்ட்டில் பெயர், பதாகையில் படம், பத்திரிகையில் பேட்டி ஆகியவை விளம்பரம். குற்றச்சாட்டு எழுந்ததும் விளம்பரத்தை நிறுத்துவது சரி. அது தீர்ப்பளிக்கும் அமைப்புக்குக் கொடுக்கும் மரியாதை, எதிர்த்து ஓடி நேர்மையாகத் தோற்ற பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதையும்கூட. பராமரிப்பைத் தீர்ப்பு வரும்வரை நிறுத்தலாகாது. குற்றம் நிறுவப்பட்டாலும் பரிசுப் பணமும் வெகுமதியும் போகட்டும், கல்விச் செலவு போகலாகாது. விசாரணையில் பிள்ளைக்குத் துணையாக ஒரு சட்டத்தரணியை அமர்த்துவது உதவி. தடைப்பட்டியலே பிழை என்றும் சாட்சி சொன்னவர் பொய்யர் என்றும் ஊரில் பேசுவது உதவி அல்ல.

இந்த வேறுபாட்டை இன்னல் வந்த பிறகு வரையறுக்க முடியாது. அன்றைக்கு எல்லோரும் பதற்றத்தில் இருப்பார்கள், பெற்றோர் வெட்கத்தில் கதவைச் சாத்தியிருப்பார்கள். ஆகவே திருகோணமலையில் ஒரு பிள்ளையின் படத்தைப் பதாகைக்குக் கொடுக்கும் முன், அதிபரும் பெற்றோரும் அனுசரணையாளரும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டியவை சில உண்டு. எந்தப் பணம் பராமரிப்புக்கானது, எது விளம்பரத்துக்கானது என்று பிரித்து எழுத வேண்டும். பராமரிப்புப் பணம் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கக் கணக்கினூடாகப் போகவேண்டும். பிள்ளைக்கு எந்தச் சத்துத்தூளையும் அனுசரணையாளரோ பயிற்றுநரோ கொடுக்கமாட்டார்கள் என்ற உறுதி இருக்க வேண்டும். குற்றச்சாட்டு எழுந்தால் அதிபரைத் தவிர வேறு எவரும் அதுபற்றிப் பகிரங்கமாகப் பேசலாகாது. பதாகையை இறக்க நேர்ந்தால் ஒரு பிள்ளையின் முகத்தை மட்டும் கிழிக்காமல் முழுப் பதாகையையும் இறக்க வேண்டும்.

இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை, கொழும்பிலிருந்து சுற்றறிக்கையும் வரவேண்டியதில்லை. அடுத்த ஆண்டு இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பணம் திரட்டும் பழைய மாணவர் சங்கங்கள் இந்த ஒரு பக்கத்தை இப்போதே எழுதி வைக்கட்டும்.